மழைத்தண்ணீர்ப் பள்ளத்தில் என்ன நட்டேன், எது பிழைத்தது

சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் தெருவைவிட ஒன்றரை அடி தாழ்வாக இருக்கிறது. கட்டியபோது அப்படி இல்லை. முப்பது வருடமாகப் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது, நாங்கள் இறங்கிவிட்டோம். 2021 நவம்பர் மழையில் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு எட்டு வீட்டுக்காரர்களும் கூடினோம். மிச்சம் இருக்கிற மண் தரைக்கும் சிமெண்ட் போட்டுவிடலாம் என்று ஏழு பேர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். சங்கக் கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்பவன் தலையில்தான் வேலை விழும். விழுந்தது.

மண் தரை என்றால் கிழக்கே காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 22 அடி நீளம், 6 அடி அகலம். அவ்வளவுதான். அதைப் பள்ளமாக வெட்டி, மொட்டை மாடியின் பாதித் தண்ணீரை அதில் விட்டு, உள்ளே செடி நடுவது என்பது திட்டம். மாடியின் பாதி 1,000 சதுர அடி. அதில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 93 லிட்டர். என் பள்ளம் ஓரங்கள் சரிந்து, நடுவில் 9 அங்குல ஆழத்தில் இருக்கும். வாய் வரை நிரப்பினால் சுமார் 1,850 லிட்டர் பிடிக்கும். அதாவது 20 மில்லிமீட்டர் மழைக்கே நிரம்பிவிடும். பத்து சென்டிமீட்டர் கொட்டும் நாளில் வருவது 9,300 லிட்டர். ஆகவே வெள்ளத்தை இது நிறுத்தாது. இதைக் கூட்டத்திலேயே சொன்னேன். ஆனால் சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அந்தப் பாதி மாடியில் மட்டும் விழுவது 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் பார்த்தால் பத்து லாரிக்கு மேல். 2019 ஜூனில் லாரிக்காக ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்த வீட்டுக்காரர்களிடம் இந்தக் கணக்கு நன்றாகவே எடுபட்டது. அப்படியும் பணம் சேர ஒன்றரை வருடம் ஆயிற்று.

மேல் வீட்டு மாமிக்கு இரண்டு கவலை. ஒன்று கொசு, இன்னொன்று பாம்பு. கொசுவுக்கு என்னிடம் பதில் இருந்தது. முட்டை பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தண்ணீர் இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள் இறங்கிவிட்டால் புழு கொசுவாக முடியாது. அப்படி இறங்குமா என்பதுதான் கேள்வி, அதை மண்ணைத்தான் கேட்க வேண்டும். பாம்புக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை பாம்பு வரவில்லை.

மாம்பலம், தியாகராய நகர், கே.கே. நகர் பக்கமெல்லாம் களிமண். ஓர் அடி அகலத்தில் இரண்டடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினேன். முதல் முறை ஊற்றுவதைக் கணக்கில் எடுக்கக்கூடாது, காய்ந்த மண் ஆசையில் குடித்துவிடும். அது இறங்கிய பின் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டுவைத்துப் பார்த்தேன். மணிக்கு ஏழு மில்லிமீட்டர் இறங்கியது. 9 அங்குலம் என்றால் 23 சென்டிமீட்டர், முப்பத்து மூன்று மணி நேரம். பரவாயில்லை. ஆனால் நான் இதைச் செய்தது ஏப்ரலில். கார்த்திகையில் இதே மண் இதே வேகத்தில் குடிக்கும் என்று நினைத்தது என் முதல் தப்பு.

தோண்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெருமை இல்லை. மாடிக் குழாயைக் கார் போகும் வழிக்கு அடியில் கொண்டுவர வேண்டியிருந்தது. கீழே கழிவுநீர்க் குழாய் ஓடுவதை யாரிடமும் கேட்கவில்லை. காவலாளிப் பெரியவருக்கு அது தெரியும், பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். கடப்பாரை இறங்கி ஸ்டோன்வேர் குழாய் உடைந்த பிறகு, "நான் அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன் சார்" என்றார். எட்டு வீடும் அன்று மாலை வரை தண்ணீர் ஊற்றாமல் இருந்தது. மாமி மட்டும் இருக்கவில்லை.

பள்ளத்தை இரண்டேகால் அடி ஆழம் வெட்டி, கீழ் ஒன்றரை அடியை மண் கலவையால் நிரப்பினோம். மூன்று பங்கு மணல், ஒரு பங்கு இலை மக்கு, ஒரு பங்கு தோண்டிய களிமண். ஆற்று மணல் விலை கட்டாது. குட்டி யானை வண்டியில் ஒரு லோடு எம்-சாண்ட், கல்லை உடைத்துச் செய்யும் மணல், வந்து இறங்கியது. கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் அரை டம்ளர் பால் மாதிரி வெளுத்து நின்றது. அவ்வளவும் கல் தூசி. அதைப் போட்டிருந்தால் பள்ளம் ஒரே மழையில் பூசிய தரை மாதிரி இறுகியிருக்கும். திருப்பி அனுப்பிக் கழுவிய மணல் வாங்கினோம். மக்கைக் குறைவாகப் போட்டதும் யோசித்துத்தான். இந்த மாதிரி இடத்தில் உரம் கொழுத்தால் செடி சோம்பேறியாகி மேலே மேலே நீளும், வேர் கீழே போகாது.

பள்ளம் நிரம்பினால் மிச்சம் போக ஒரு வழி வேண்டும். தெரு உயரத்தில் இருப்பதால் தானாக வெளியே ஓடாது. 2003ல் மாநிலம் முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் கட்டடத்திலும் ஒரு தொட்டி வெட்டினார்கள். மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வண்டல் விளிம்பு வரை. இருபது வருடம் ஒருவரும் திறக்கவில்லை. அதைத் தூர் வாரி, ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டு, பள்ளத்தின் வழிவு அதற்குள் போகும்படி நாலு அங்குலக் குழாய் வைத்தோம். அதுவும் நிரம்பினால் மோட்டார்.

இனிச் செடி.

2023 செப்டம்பரில், புரட்டாசி பிறந்த சமயம், ஒரு நர்சரிக்குப் போனேன். "நாட்டுச் செடிகள்" என்று தனிப் பலகையே வைத்திருந்தார்கள். ஆவாரை எட்டு, துளசி ஆறு, கல்வாழை பத்து, மஞ்சள் கரிசலாங்கண்ணி ஒரு தட்டு, கடம்பு ஒன்று. வெட்டிவேர்க் கட்டை இருபது மட்டும் கடலூர் பக்கத்துக்காரரான அலுவலக நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்தார். அங்கே கடலோர மணலில் அதை வயலாகவே போடுகிறார்கள். எல்லாவற்றையும் பள்ளத்தில் அழகாக, கலந்து கலந்து நட்டேன். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். மேலே மரச் சருகைத் தடிமனாகப் பரப்பினேன், ஈரம் காக்கட்டும் என்று.

டிசம்பர் 3, 4 மிக்ஜாம் புயல். பள்ளம் எங்கே, வழி எங்கே என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். தெருத் தண்ணீரும் உள்ளே வந்துவிட்டது. ஐந்தாம் நாள் தரை தெரிந்தபோது சருகு முழுக்க மிதந்து போய் வழிவுக் குழாயின் வாயை அடைத்திருந்தது. மாடிக் குழாய் விழுந்த இடத்தில் மண் அறுத்து ஒரு குழி. ஆவாரை எட்டும் வேரழுகல். துளசி தடம் தெரியவில்லை. வெட்டிவேரில் வெயில் படும் வடபாதி அசையாமல் நின்றது. வேப்பமர நிழலில் இருந்த தென்பாதி வெளுத்துச் சாய்ந்து கிடந்தது. வெட்டிவேருக்கு வெள்ளம் பெரிதில்லை, வறட்சி பெரிதில்லை, நிழல்தான் ஆகாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கல்வாழை கொழுகொழுவென்று இருந்தது. மஞ்சள் கரிசலாங்கண்ணி அதைவிட. பொங்கலுக்குள் அது பள்ளத்தில் பாதியை மூடிக் காம்பவுண்டுச் சுவரிலும் ஏற ஆரம்பித்தது.

அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. இலையைப் பறித்துப் பார்த்தேன். ஓரத்தில் மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை நீட்டாக, மடல் இல்லாமல் இருக்கும். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும் சிங்கப்பூர் டெய்சி. பூ இரண்டிலும் மஞ்சள், அதனால் கடையில் இதையே அந்தப் பெயரில் விற்கிறார்கள். கல்வாழையும் நம் ஊர்ச் செடி இல்லை, அதுவும் அமெரிக்கக் கண்டத்தது. துளசி நம்முடையதுதான், ஆவாரையும் நம்முடையதுதான், ஆனால் இரண்டும் தண்ணீரில் நிற்கப் பிறந்தவை அல்ல. நாட்டுச் செடி என்ற பலகையை நம்பிப் போன நான் வேறு எதையும் கேட்கவில்லை. எந்த நாட்டில், எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்று கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு மதுராந்தகம் பக்கம் ஓர் ஏரிக்கரைக் கிராமம். என் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "மூணு மாசம் தண்ணி, அப்புறம் கட்டாந்தரை. இது ஏரிடா. ஏரிக்குள்ள எது நிக்குதோ அதக் கொண்டாந்து நடு. கடையில போயி பலகையைப் பாத்துட்டு வர்றியே."

அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் தெருக்களின் பெயர் உறைத்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரி எதுவும் தெரியாது, ரயில் பாதையும் கட்டடங்களும்தான் தெரியும். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் நீண்ட ஏரி கிடந்தது. 1920களில் அதை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். எங்கள் களிமண் எங்கிருந்து வந்தது என்று மண் பரிசோதனைக்கு அனுப்பி யோசித்துக்கொண்டிருந்தவன் நான். தெருப் பலகையைப் படித்திருந்தால் போதும்.

2024 மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அக்கினி நட்சத்திரத்தில் ஏரியில் நடப்பது சுகமான காரியம் இல்லை, ஆனால் அதற்குத்தான் போயாக வேண்டும். மழைக்காலத்தில் போனால் எல்லாச் செடியும் பச்சையாகத்தான் இருக்கும். கோடையில்தான் யார் யார் நிஜம் என்று தெரியும்.

ஏரியின் அடி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதிலும் பொடுதலை தரையோடு தரையாகப் பாய் விரித்திருந்தது. பாதி இலை கருகி, பாதி உயிரோடு, நடுநடுவே குட்டிக் குட்டி வெள்ளைப் பூ. கோரை மேலே செத்துக் கீழே கிழங்காக இருந்தது. நீர்முள்ளி முழுக்கக் காய்ந்து முள்ளும் விதையுமாக நின்றது. அது தானும் கோடையைத் தாண்ட முயலவில்லை, விதையை மட்டும் தாண்ட விடுகிறது. மதகிலிருந்து போகும் வாய்க்கால் ஓரம் நொச்சி. கரையின் சரிவில் தர்ப்பை. கரை உச்சியைத் தாண்டிய மேட்டில்தான் ஆவாரை, விராலி, களா. அம்மா கரை மேலே நின்றுகொண்டு கையை நீட்டிச் சொன்னார், தண்ணீர் எது வரை வரும் என்று. அவர் காட்டிய கோட்டுக்கு ஓர் அடி மேலேதான் முதல் ஆவாரை நின்றது. நான் வாங்கிய எட்டு ஆவாரையையும் அந்தக் கோட்டுக்குக் கீழே நட்டிருந்தேன். கடையில் நல்ல செடிதான் கொடுத்தார்கள், ஒன்பது அங்குலம் தப்பாக வைத்தது நான்.

ஏரிக்குள் இன்னொன்றும் செழிப்பாக நின்றது. நெய்வேலிக் காட்டாமணக்கு. இளஞ்சிவப்புப் பூவோடு, வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே மாதிரி சட்டை செய்யாமல். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஒடித்துப் போட்ட தண்டிலிருந்து முளைக்கும். ஆகவே இரண்டு காலமும் தாங்குகிறதா என்பது மட்டும் போதாது, பக்கத்துச் செடியை வாழ விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் அன்று நோட்டில் எழுதியது இரண்டே வரி. முதல் வரி: நனைந்தும் நிற்க வேண்டும், காய்ந்தும் நிற்க வேண்டும். இரண்டாம் வரி: ஊரையே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஏரியில் கூட்டமாக வளரும் சம்புப் புல்லை இரண்டாம் வரிக்காகத்தான் விட்டேன். நம்முடைய செடிதான், ஆனால் 22 அடிப் பள்ளத்தில் சம்பு இறங்கினால் வேறு எதற்கும் இடம் இருக்காது.

திரும்பும் வழியில் வேடந்தாங்கல். சீசன் முடிந்திருந்தது. தண்ணீர் நன்றாக வற்றிப் போய், நிறைய மரங்கள் தரையில் நின்றன. குளிர்காலத்தில் நாரையும் நத்தைகுத்தியும் கூடு கட்டும் அதே மரங்கள், அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் மாதக்கணக்கில் நிற்பவை. கருவேலமும் இன்னொரு மரமும். அந்த இன்னொரு மரத்தைக் காட்டி இதன் பெயர் என்ன என்று அங்கே இருந்தவரிடம் கேட்டேன். "கடம்பு" என்றார்.

இங்கேதான் பெரிய குழப்பம். நான் நர்சரியில் வாங்கியதும் கடம்புதான். அது வெண்கடம்பு, பந்து மாதிரிப் பூ, வேகமாக ஓங்கி வளரும், எங்கள் காம்பவுண்டுக்கு யானை. ஏரிக்கரையில் இருக்கும் நீர்க்கடம்பு வேறு, தாவரவியலில் மிட்ராகைனா. வேடந்தாங்கலில் நிற்பது பாரிங்டோனியா. அதையும் நீர்க்கடம்பு என்பார்கள், செங்கடம்பு என்பார்கள், நாட்டு மருந்துக் கடையில் சமுத்திரப்பழம் என்று கேட்டால் அதன் காயை எடுத்துத் தருவார்கள். மூன்றும் வேறு வேறு மரம். தாவரவியல் பெயர் படிப்பது பந்தா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கன்று வாங்கப் போகும்போது காகிதத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதி எடுத்துப் போகிறேன்.

பொன்னாங்கண்ணியிலும் இதே கதை. நம் பொன்னாங்கண்ணிக்கு வெள்ளைப் பூ இலைக் கக்கத்திலேயே ஒட்டி இருக்கும். குளம், கூவம் எல்லாம் அடைத்துக் கிடக்கும் வெளிநாட்டு உறவினருக்குப் பூ தனிக் காம்பு நீட்டி அதன் நுனியில் உருண்டையாக நிற்கும். ஒரு கணு போதும், அது பெருகிவிடும். பூக்கும் வரை பொறுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இரண்டாம் நடவு 2024 ஆடியில். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை. ஜூலை நடுவிலிருந்து சாயங்காலம் சாயங்காலம் இடி மழை வரும், ஒரு மணி நேரம் அடித்துவிட்டு நிற்கும். செடி அதில் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது அது கைக்குழந்தையாக இருக்காது. புரட்டாசியில் நட்டு கார்த்திகையில் மூழ்கவிட்டது முதல் வருடத்தின் இன்னொரு தப்பு.

சிங்கப்பூர் டெய்சியைப் பிடுங்க நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இன்னும் துண்டு துண்டாக முளைக்கிறது. பிடுங்கியதைக் குப்பை மேட்டில் வீசக் கூடாது, அங்கே வேர் விட்டுவிடும். மாடியில் தகரத்தில் போட்டுக் காயவைத்தேன்.

இந்த முறை உயரம் பார்த்து மூன்றாகப் பிரித்தேன். என் வசதிக்கு அவற்றுக்குப் பள்ளம், சரிவு, வரப்பு என்று பெயர். பள்ளத்தில் வெயில் படும் பாதிக்கு வெட்டிவேர், ஓர் அடி இடைவெளியில். நிழல் பாதிக்கு வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி. இடையே பாய்க்கோரை ஆறு தூர். பாய்க்கோரை வேறு, தோட்டத்தைப் பாழாக்கும் சாதாரணக் கோரை வேறு. பின்னது அழைக்காமலே வந்துவிட்டது. சரிவில் நொச்சி மூன்று, தர்ப்பை, தரை முழுக்கப் பொடுதலை. தர்ப்பை மாமியின் உபயம். ஆவணி அவிட்டத்துக்குக் கடையில் வாங்குவதை இங்கேயே வளர்க்கலாமே என்றார். அதற்குப் பிறகு பாம்பைப் பற்றிப் பேசுவதில்லை. வரப்பில் ஆவாரை இரண்டு, விராலி, களா, காலடியில் விஷ்ணுகிராந்தி. தெற்கு மூலையில், கட்டடத்திலிருந்து தள்ளி, ஒரே ஒரு பாரிங்டோனியாக் கன்று. நீர்முள்ளியை விட்டுவிட்டேன், குழந்தைகள் பந்து எடுக்க இறங்குகிறார்கள்.

இவற்றில் பாதியை நர்சரியில் வாங்கவில்லை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தெருமுனைக் கீரைக்கார அம்மாவிடம். வேரோடு இருக்கும் வல்லாரைக் கட்டாகப் பார்த்து எடுத்து, இலையைக் கிள்ளித் துவையலுக்கு வைத்துக்கொண்டு, வேர்க்கணுவைச் சேற்றில் அழுத்தினால் போதும். பொன்னாங்கண்ணித் தண்டு இரண்டு நாளில் வேர்விடும். பொடுதலை எங்கள் கோயில் குளக்கரையிலிருந்து ஒரு கை. நொச்சி ஊரிலிருந்து குச்சியாக. மரக்கன்று வனத்துறை நாற்றங்காலில். மொத்தச் செலவு, கூலி 6,000, மணல் 4,500, குழாய், ஜல்லி, செங்கல் 5,200, செடிகள், முதல் வருடம் செத்ததையும் சேர்த்து, 2,300. ஆக 18,000. வீட்டுக்கு 2,250.

சருகு போடுவதை விட்டேன். குழாய் விழும் இடத்தில் கருங்கல் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, மற்ற இடத்தில் செடி மூடும் வரை செங்கல் ஜல்லி. மிதக்காது, வெயிலில் சூடாகும் என்பது ஒன்றுதான் குறை. வழிவுக் குழாயின் வாய்க்குத் தட்டையான ஜாலி, அதாவது சல்லடை மூடி, இருந்தது. அதை மாற்றிக் கூண்டு மாதிரி மேலே எழும்பிய ஜாலி போட்டேன். தட்டையானது ஒரு பிளாஸ்டிக் பைக்கே அடைத்துக்கொள்ளும்.

2024 அக்டோபர் நடுவில் கொட்டிய மழையில் பள்ளம் மூன்று முறை நிரம்பி வடிந்தது. ஒவ்வொரு முறையும் நாற்பது மணி நேரம் வாக்கில். சந்தோஷப்பட்டேன். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். அதற்குப் பிறகு தண்ணீர் நாலு நாள் இறங்கவேயில்லை. காரணம் கிணற்றை எட்டிப் பார்த்தபோது தெரிந்தது. மே மாதம் 22 அடியில் இருந்த தண்ணீர் தரையிலிருந்து இரண்டடியில் நின்றது. பள்ளத்தின் அடியே அந்த மட்டத்தில்தான். கீழே இடமே இல்லாதபோது மண் எங்கே குடிக்கும்? வெளிநாட்டுக் குறிப்புகளில் 24 மணி நேரத்தில் வடிய வேண்டும், இல்லையென்றால் பள்ளம் தோல்வி என்று எழுதியிருக்கும். நம் ஊர்க் கார்த்திகையில் அது வராது, செடியைத்தான் அதற்குத் தயாராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிணறு ஏறியது எங்கள் பள்ளத்தால் என்று நான் சொல்லமாட்டேன், சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த நாலாம் நாள் காலையில் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தார். எனக்குப் பகீரென்றது. கரண்டியை விட்டு ஐந்தாறு இடத்தில் மொண்டு பார்த்தார். புழு இல்லை. பிறகு மாமி வீட்டுப் பூந்தொட்டித் தட்டைத் தூக்கிப் பார்த்தார். அங்கே இருந்தது.

அந்த மழைக்குப் பின் கணக்கெடுப்பு. வெட்டிவேர், பாய்க்கோரை, பொடுதலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை ஒன்றும் சாகவில்லை. நொச்சி மூன்றில் சரிவின் அடியில் வைத்த ஒன்று இலை கொட்டி, தை மாதம் மறுபடி துளிர்த்தது. வரப்பில் ஆவாரை இரண்டும் பிழைத்தன. களா ஒன்று போயிற்று, காரணம் தண்ணீர் இல்லை, யாரோ கார் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் வெள்ளம் பாதித் தேர்வுதான். மீதி 2025 கோடை. சித்திரை வரை வாரம் ஒரு குடம் ஊற்றினேன், அதன் பிறகு வேண்டுமென்றே நிறுத்தினேன். வல்லாரை வேப்ப நிழலில்கூட வாடி மறைந்தது, முதல் இடி மழைக்குத் திரும்பி வந்தது. பொன்னாங்கண்ணி கணுக்கணுவாகச் சிவந்து சுருங்கிக் காத்திருந்தது. நீர்ப்பிரமி போயே போயிற்று, ஒரே ஓர் இடம் தவிர. மாமி வீட்டு ஏசி சொட்டும் குழாய்க்கு நேர் கீழே ஒரு தட்டளவு பச்சைப்பசேல். அங்கிருந்துதான் ஆடியில் பிரித்து மறுபடி நட்டேன். ஏசி சொட்டுகிறது என்று சங்கத்தில் புகார் வந்தபோது நான் மாமி கட்சி. வெட்டிவேர் நுனி கருகியது, அறுவடை மாதிரி ஓர் அடி விட்டு அறுத்தேன், அறுத்த புல்லை வேர்களுக்கிடையே திணித்தேன். ஆவாரை அந்த வெயிலில்தான் பூத்துத் தள்ளியது.

பராமரிப்பு என்று ஒன்றும் இல்லாமல் இல்லை. மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு நாள் முழுக்க வேலை: குழாய் விழும் இடத்தில் சேர்ந்த வண்டலை அள்ளுவது, ஜாலி கழுவுவது, தானாக முளைத்த வேலிக்காத்தான், உண்ணிச்செடி கன்றுகளை வேரோடு எடுப்பது. நொச்சியை வருடம் இரண்டு முறை வெட்டவில்லை என்றால் வெயிலை மறைத்து வெட்டிவேரைக் கொன்றுவிடும். காரை இந்தப் பக்கம் கழுவக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மாடித் தண்ணீர் வேறு, எண்ணெய்த் தண்ணீர் வேறு.

திருவான்மியூரில் இருக்கும் அத்தை மகன் இந்தப் பட்டியலை அப்படியே கேட்டான். கொடுக்கவில்லை. அவன் வீட்டில் கடற்கரை மணல், குடம் தண்ணீர் ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். அங்கே பள்ளத்தின் அடிகூட எங்கள் வரப்பு மாதிரிதான் காயும், உப்புக் காற்று வேறு. புன்னை, பூவரசு, தாழை, அடும்புக் கொடி என்று கடலோரத்தில் நிற்பதைப் பார் என்றேன். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் கீழே பாறை, அங்கே முதலில் எவ்வளவு ஆழம் மண் இருக்கிறது என்று குத்திப் பார்க்க வேண்டும்.

பாரிங்டோனியாக் கன்று இப்போது என் தோள் உயரம். ராத்திரி சிவப்புச் சரமாகப் பூத்து, காலையில் தரை முழுக்க உதிரும் என்று அம்மா சொல்கிறார். இன்னும் பூக்கவில்லை. வரும் ஆடிக்கு மாடியின் மறுபாதித் தண்ணீருக்கு மேற்குப் பக்கம் ஒரு பள்ளம் வெட்ட சங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வெயிலே விழாது, வெட்டிவேர் கிடையாது. கீரைக்கார அம்மாவிடம் வல்லாரை வேரோடு இருபது கட்டு சொல்லி வைத்திருக்கிறேன். கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று காவலாளிப் பெரியவரைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.